களுத்துறையில் நான் கடல்நாய் ஆனது

என் கண் நல்ல கண். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழிலே அதுதான். இரத்தினபுரிக்குப் பக்கத்தில் களுகங்கைக் கரையோரமாக இருந்த ரப்பர்த் தோட்டத்தில் புகைக்கூடம் என் பொறுப்பு. ரப்பர்ப் பால் உறைந்து, உருளையில் நசுங்கி, ஷீட்டாக வரும்போது வெள்ளையாக இருக்கும். அதைக் கம்பில் தொங்கப்போட்டு நாள்கணக்கில் புகை காட்டினால் தேயிலைச் சாய நிறத்துக்கு வரும். பிறகு ஒவ்வொரு ஷீட்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். புள்ளி இருக்கிறதா, குமிழி இருக்கிறதா, எங்காவது வெள்ளை மிச்சமா? வெள்ளை தெரிந்தால் வேகவில்லை என்று அர்த்தம், மறுபடி உள்ளே போக வேண்டியதுதான். ஒன்பது வருஷம் இதையே செய்ததில் கையில் எது வந்தாலும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் அப்பளம் வைத்தாலும் அப்படித்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்துவிட்டுப் போகட்டும். கொழும்புக்குப் போன எங்கள் ஷீட்டில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த வருஷம் எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. நான் செத்துப்போய்விட்டேன் என்று என் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

அம்மாவும் அண்ணனும் முசிறிப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து இலங்கைக்கு வந்த இன்னொருவன் காய்ச்சலில் போய்விட்டான். அவன் தாய்க்குச் சொல்ல மனம் வராமல், கூட இருந்தவர்கள் இரண்டு வருஷம் அவன் பெயரில் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் உண்மை தெரிந்த நாளிலிருந்து, தோட்டத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் என் அம்மா நம்புவதில்லை. நான் மாதா மாதம் எழுதுவேன். அண்ணன் வாசித்துக் காட்டினால், "எவனோ புண்ணியவான் எழுதுறான்" என்று எழுந்து போய்விடுவாளாம். கடைசியில் அண்ணன் எழுதினான்: "அம்மா ஒரு வேளைதான் சாப்பிடுது. அதுவும் பேருக்கு. எழுத்த எவன் வேணா எழுதலாம், மூஞ்சிய எழுத முடியுமான்னு கேக்குது. எப்பாடு பட்டாவது ஒரு படம் புடிச்சு அனுப்பு."

ஊருக்கே போய் மூஞ்சியைக் காட்டிவிட்டு வரலாம் என்று லீவு கேட்டேன். ரப்பருக்கு நல்ல கிராக்கி இருந்த சமயம். புகைக்கூடத்தை விட்டு ஒரு நாளும் நகராதே என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். படம் பிடிக்கும் கடைக்குப் போக வேண்டுமானால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். அதற்கும் லீவு வேண்டும்.

அந்தத் துரைக்குக் கல்யாணம் ஆகவில்லை. மற்ற துரைமார் பந்தாடப் போனால் இவர் குருவி பார்க்கப் போவார். மூன்று கால் வைத்த பெரிய கேமரா ஒன்று வைத்திருந்தார். அதில் கண்ணாடித் தகட்டைச் செருகி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். ஒரு விடுமுறைக்குக் களுத்துறைக்குப் போனவர், அங்கே ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு கடல்நாயைப் பார்த்துவிட்டேன் என்று வந்து சொன்னார். பக்கத்துத் தோட்டத்துத் துரை, கடல்நாய் பனிக்கட்டி தேசத்துப் பிராணி, உனக்கு வெயிலில் மூளை உருகிவிட்டது என்று கிளப்பில் நாலு பேர் முன்னால் சிரித்திருக்கிறார். எங்கள் துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. படம் பிடித்துக் காட்டுகிறேன் பார் என்று சவால் விட்டுவிட்டார். இதெல்லாம் துரை பங்களாவில் சமைக்கும் அப்பு வழியாக ஒரே நாளில் லயத்துக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் துரை புகைக்கூடத்து வாசலில் வந்து நின்றார். "ஏய் புகைக்காரன், நீ நம்மகூட களுத்துறை வரணும். கண்ணாடி சாமான். ஒடையக் கூடாது. நீ பதனமான ஆள்."

எனக்கு வந்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வர்றேங்க தொரை. ஆனா எனக்கும் ஒரு படம் புடிச்சுக் குடுக்கணுங்க. ஊருல அம்மாவுக்கு அனுப்பணும்."

"பன்னெண்டு பிளேட் இருக்கு. ஒண்ணு ஒனக்கு" என்றார்.

இரத்தினபுரிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரிடம் ஓடினேன். நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கறுப்புக் கோட்டு ஒன்று இரவல் கேட்டேன். "கடல் தண்ணி பட்டுச்சோ, தம்பி, அப்புறம் இந்தக் கடைப் பக்கம் வர வேணாம்" என்று சொல்லிக் கொடுத்தார். பெட்டிகளில் தண்ணீர் ஏறாமல் இருக்க, புகைக்கூடத்திலிருந்து நல்ல அகல ஷீட்டுகளாக எட்டு எடுத்து நானே சுற்றிக் கட்டினேன். துரை முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த ஷீட்டால் என்ன கதி வரப்போகிறது என்று தெரிந்திருந்தால் வாழையிலையால் சுற்றியிருப்பேன்.

வண்டியில் போனால் கண்ணாடி நொறுங்கிவிடும் என்று ஆற்றோடு படகில் போனோம். படகுக்காரர் வயதான சிங்களவர். வழியெல்லாம் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, துரை சொன்னதற்கெல்லாம் "ஹொந்தாய் மஹத்தயா", அதாவது நல்லதுங்க ஐயா, என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். கடல்நாய் எப்படி இருக்கும் என்று துரை எங்களுக்கு விளக்கினார். மீசை இருக்கும், கால் இருக்காது. உடம்பு பளபளவென்று கொழுத்திருக்கும். வயிற்றாலேயே நகரும். நாய் மாதிரி குரைக்கும். படகுக்காரர் என் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் மெல்லக் கேட்டார்: "தொரை மஹத்தயாவுக்குக் காய்ச்சலா?"

மறுநாள் காலையில் களுத்துறை மணல் திட்டில் இறங்கினோம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் நீட்டிக் கிடந்த மணலில் வெள்ளை வெளேரென்று பறவைக் கூட்டம். படகுக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து முஹுது லிஹினி என்று ஒரே பெயர் சொன்னார். துரை ஆலா என்றும் கடற்காகம் என்றும் பிரித்துப் பிரித்துச் சொல்லிக் குதித்தார். அத்தனை பெரிய மனுஷன் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

பிறகு தொடங்கியது வேடிக்கை. துரை கேமராவை நட்டுத் துணிக்குள் தலையை விடுவார். பறவையெல்லாம் அப்படியே எழும்பிப் பத்து முழம் தள்ளிப்போய் உட்காரும். துரை மூன்று காலையும் தூக்கிக்கொண்டு ஓடுவார். கிட்டத்தில் போனால் மறுபடி எழும்பும். கடைசியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து போனார். கடல்நாய் நகருவதாகச் சொன்னாரே, அச்சு அசல் அப்படித்தான். படகுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, துரை விடாப்பிடியாகப் பத்துப் படம் பிடித்தார். ஒவ்வொன்றும் முடிந்ததும் தகடு இருக்கும் மரச் சட்டத்தை என்னிடம் நீட்டுவார். நான் அதை, மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த எங்கள் படகுக்கு அந்தப் புறம் கொண்டுபோய்ப் பெட்டியில் வைக்க வேண்டும். வைத்தேன். ஆனால் பார்க்காமல் எப்படி வைப்பது? முதல் சட்டத்தின் மூடியை இழுத்தேன், தகட்டை உருவினேன், சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். புள்ளி இல்லை. குமிழி இல்லை. ஆனால் தகடு முழுக்கப் பால் வெள்ளை! பறவையும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. இன்னும் வேகவில்லை. துரைக்குக் குருவி தெரியும், பதம் பார்க்கத் தெரியவில்லை. புகைக்கு அங்கே வழியில்லாததால் வெற்றிலை மடித்துப் போடும் நேரத்துக்கு நல்ல வெயிலில் காட்டினேன். பிறகு சட்டத்தில் செருகி மூடி வைத்தேன். பத்துத் தகடுக்கும் இதே மரியாதை. அவர் வேலையில் நான் குறை கண்டுபிடிப்பதாகத் துரை வருத்தப்படக் கூடாது என்றுதான் படகு மறைவில் செய்தேன்.

மிச்சம் இரண்டு தகடு. ஒன்று கடல்நாய்க்கு, ஒன்று எனக்கு. கடல்நாயைத்தான் காணோம். உச்சி வெயில் ஏறும்வரை துரை தூரம் பார்க்கும் கண்ணாடிக் குழாயால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். தண்ணீரில் பழுப்பாக, மயிரும் தலையுமாக ஒன்று மிதந்து வந்தது.

படகுக்காரர் ஒரே பார்வைதான் பார்த்தார். "பொல் லெலி, மஹத்தயா."

தேங்காய் மட்டை. கயிறு திரிக்க ஊறப்போட்ட மட்டைக் கட்டு ஒன்று அவிழ்ந்து வந்திருந்தது. துரை அதை வெகுநேரம் பார்த்தார். போன தடவை பார்த்ததும் இதைத்தான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

நான் வெயிலுக்காகப் பெட்டி மேலிருந்த ஷீட்டு ஒன்றை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, தண்ணீர் ஓரத்தில் குந்திக் கை கழுவப் போனேன். பின்னால் ஏதோ சரசரவென்று சத்தம். திரும்பினால், துரை குப்புறக் கிடக்கிறார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது.

"என்னங்க தொரை?"

என் குரலைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த நிமிஷம் ஒரு மாதிரி மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"புகைக்காரன்," என்றார், "நீ கொஞ்சம் படு."

"எங்கங்க?"

"அங்க. மணல்ல. நீதான் சீல், அந்தக் கடல்நாய்."

விளங்குகிற மட்டும் கேட்டேன். விளங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்னால முடியாதுங்க தொரை. நாலு பேரு பாத்தா நான் எப்படிக் காலையில ஆள் எண்ணுற பெரட்டுல போய் நிப்பேன்?" அவர் விடவில்லை. கிளப்பில் சிரித்ததையெல்லாம் சொல்லி அழாத குறையாகக் கெஞ்சினார். கடைசியில் நானும் பிடி கொடுத்தேன். "சரிங்க. ஆனா மொதல்ல என் படம். அப்புறந்தான் நாயி."

கோட்டை மாட்டினேன், தலையைப் படிய வாரினேன். கடலைப் பின்னால் விட்டு நட்ட தூண் மாதிரி நின்றேன். துரை துணிக்குள்ளிருந்து "சிரி" என்றார். செத்துப்போகவில்லை என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டுமே என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். முடிந்ததும் சட்டத்தை வாங்கிக்கொண்டு படகு மறைவுக்குப் போனேன். பார்த்தால் இதுவும் வெள்ளை. அம்மாவுக்குப் போகிற படம் அரைவேக்காடாகப் போகலாமா? துரை கயிறு வெட்டி, ஷீட்டுக்குத் துளை போட்டு முடிக்கிற வரைக்கும் அந்தத் தகட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி நல்ல வெயிலில் காயவைத்தேன். மற்ற பத்துக்கும் காட்டாத பிரியத்தை அதற்குக் காட்டினேன்.

பிறகு என்னைச் சுற்றினார்கள். கோட்டைக் கழற்றிவிட்டு, கையை உடம்போடு ஒட்டவைத்து, எட்டு ஷீட்டும் மேலுக்கு மேல். கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி நுனியில் வால். தலைக்கு முக்காடு. மீசைக்குத் துடைப்பத்து ஈர்க்கை ஒடித்து, மத்தியானச் சோற்றைப் பிசைந்து மூக்குக்குக் கீழே ஒட்டினார் படகுக்காரர். இரண்டு பேரும் என்னை உருட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர் ஓரத்தில் போட்டார்கள். வெயிலில் ரப்பர் இளகி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

முதலில் காக்கை வந்தது. மீசையிலிருந்த சோற்றைக் கொத்த வந்தது. "காக்கா வேணாம்! காக்கா வேணாம்!" என்று துரை கத்தினார். வேண்டுமென்று நான் கேட்டேனா? படகுக்காரர் யோசனை சொல்லி, என் முதுகில் சின்ன மீன்களை வரிசையாக அடுக்கினார். அவ்வளவுதான், கடற்காகம் ஒன்று வந்து ஜம்மென்று என் முதுகில் இறங்கியது. அதைப் பார்த்ததும் துரைக்குக் கடல்நாயே மறந்துபோயிற்று. எட்டத்திலிருந்து பிடித்தால்தான் ஆள் தெரியாது என்று சொன்ன அதே மனுஷன், பறவை ஆசையில் கேமராவை அடிக்கு அடி கிட்டே கொண்டுவந்தார். பறவை என் முக்காட்டை ஒரு கொத்து கொத்தியதில் அது காதோரம் விலகியது. எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் படம் பிடித்துவிட்டார்.

"தொரை, அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் என்கிட்ட…" என்றேன்.

"நீ கெட" என்று சொல்லி அவரே பெட்டியில் வைத்து மூடிவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. பதினொன்றைப் பதமாக்கி வைத்தேனே, இந்த ஒன்று மட்டும் வேகாமல் போகிறதே என்று.

ஷீட்டை உரிக்க ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் செலவாயிற்று. தலைமுடி பாதி அதோடு வந்துவிட்டது. வலை இழுத்துக்கொண்டிருந்த மீன்காரர்கள் வந்து சுற்றி நின்று, "மே மொகத?" என்று கேட்டார்கள். இது என்ன பிராணி என்றுதான் அர்த்தம். நான் மனுஷன்தான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை.

தோட்டத்துக்கு வந்ததும் துரை சாமான் அறை ஜன்னல்களைக் கம்பளியால் அடைத்து, சிவப்பு விளக்கு ஒன்றை ஏற்றி, என்னையும் உதவிக்கு உள்ளே கூப்பிட்டார். முதல் தகட்டை மருந்துத் தண்ணீரில் போட்டார். கரிக்கட்டையாகக் கறுத்தது. இரண்டாவதும் கறுப்பு. மூன்றாவதும். விற்ற கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏழாவதைப் போட்டார். அதுவும் கறுப்பு.

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன்: "சரக்குல கொறை இல்லீங்க தொரை. ஒவ்வொண்ணா நானே பாத்தேன். புள்ளி இல்ல, குமிழி இல்ல."

துரை மெதுவாகத் திரும்பினார். "பாத்தது?"

"பாத்தேங்க."

"எங்க வச்சுப் பாத்தது?"

"நல்ல வெயில்லங்க. வெள்ளையா இருந்துச்சு. வேகட்டும்னு கொஞ்ச நேரம் காட்டினேன்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, தலையில் கை வைத்தபடி, வெளிச்சம் பட்டால் தகடு செத்துப்போகும் என்று சின்னக் குரலில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "அப்ப என் படங்க?" என்று கேட்டேன். அவர் பதினொன்றாவது தகட்டைப் போட்டார். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் நன்றாகக் கறுத்தது. கோட்டு, படிய வாரிய தலை, சிரிப்பு எல்லாம் போயிற்று. அம்மா கேட்ட மூஞ்சியை நானே வெயிலில் போட்டுக் கொன்றுவிட்டேனே என்று அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் விக்கி விக்கி அழுதேன். புதுத் தகடு சீமையிலிருந்து கப்பலில் வர மூன்று மாசம் ஆகும். அதுவரைக்கும் அம்மா ஒரு வேளைச் சோற்றில் தாங்குவாளா?

பன்னிரண்டாவதை மருந்தில் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒரு பறவை வந்தது. பறவைக்குக் கீழே நான் வந்தேன்.

காகிதத்தில் ஏற்றியதும் பக்கத்துத் தோட்டத்துத் துரையைக் கூப்பிட்டனுப்பினார். என்னையும் பங்களா வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். வந்தவர் படத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடி வாங்கி மறுபடி பார்த்தார். அப்புறம் என் காதைப் பார்த்தார். எழுந்து வந்து என் காதிலிருந்த கடுக்கனை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கடல்நாய் காதிலும் அதே கடுக்கனைக் காட்டினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார். எங்கள் துரை படத்தைப் பிடுங்கித் தானும் கடுக்கனைப் பார்த்தார். அப்புறம் அவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. படத்தை என் கையில் திணித்து, "ஒன் அம்மாவுக்கு அனுப்பு" என்றார்.

அனுப்புகிற படமா அது! முக்காடும், ஈர்க்கு மீசையும், முதுகில் பறவையும், பொதபொதவென்று உடம்பும். மூஞ்சி மட்டும் என்னுடையதுதான். மூன்று நாள் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன். நாலாம் நாள் வேறு வழியில்லாமல், நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். அம்மா, இது உன் மகன்தான், சுற்றியிருப்பது ரப்பர், மீசை துடைப்பம், துரை நல்லவர், எனக்குப் பைத்தியம் இல்லை என்று எல்லாவற்றையும் விளக்கி, படத்தோடு தபாலில் போட்டேன்.

ஒன்றரை மாசம் கழித்து அண்ணனிடமிருந்து பதில் வந்தது. புகைக்கூடத்து வாசலில் நின்றபடியே பிரித்தேன்.

"தம்பி, உன் கடிதத்த அம்மா வாசிக்கவே விடல. எவன் எழுதினதோன்னு தள்ளிடுச்சு. படத்த மட்டும் வாங்கி மடியில வச்சுக்கிட்டுப் பாத்துது. பாத்துட்டு, 'இது எம் புள்ள சிரிப்பு, இத எவனும் எழுத முடியாது'ன்னு சொல்லிச்சு. தெருவுல வீடு வீடாக் கொண்டுபோய்க் காட்டுது. 'பாருங்க, எம் மவன் எப்படிக் கொழுகொழுன்னு சதை போட்டிருக்கான், அங்க வயிறாரச் சோறு போடுறாங்க'ன்னு சொல்லுது. ரப்பர்னு நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்புட்டுச்சு."

கடைசி வரியை மூன்று தடவை வாசித்தேன். சிரித்தேன், அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் உடம்பைக் குனிந்து பார்த்தேன். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அன்றிலிருந்து நானும் வேளைக்கு இரண்டு தடவை சோறு வாங்கி மூக்குமுட்டத் தின்னத் தொடங்கினேன். லீவு கிடைத்து ஊருக்குப் போவதற்குள் படத்திலிருந்த அந்த உடம்பு வந்தாக வேண்டும்.